பீரோவுக்குள் போன கல்விப் புரட்சி

வகுப்பறைத் தொழில்நுட்பத்தை வெள்ளைக்காரன் நமக்குக் கொண்டுவந்தான் என்பது பாதிக் கதை. முதலில் இங்கிருந்துதான் அவன் கொண்டுபோனான். கொண்டுபோன சரக்கு, மணல்.

1789-இல் மதராஸ் எழும்பூரில், ராணுவத்தாரின் அநாதைப் பையன்களுக்கான பள்ளிக்கு மேற்பார்வையாளராக அமர்ந்தவர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது நம்மூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்த்தார். பொடியன்கள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். தப்பாகப் போனால் உள்ளங்கையால் ஒரு தடவல், அவ்வளவுதான். பலப்பம் வேண்டாம், சார்ஜர் வேண்டாம், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டாம். துரைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. திரும்பி வந்ததும் தன் உதவி வாத்தியாரிடம், இனி நம் பையன்களும் மணலில் எழுதட்டும் என்றார். அதெல்லாம் நடக்காது என்றார் வாத்தியார். எந்தப் பள்ளிக்கு எந்தக் கருவி வந்தாலும் ஆசிரியர் அறையிலிருந்து முதலில் கிளம்பும் வாக்கியம் அன்று பதிவானது. வாத்தியாரை நான் குறை சொல்ல மாட்டேன். துரைக்கு ஆசை வந்தது, இவருக்கு உத்தரவு வந்தது. நடுவில் யாரும் இவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெல் சளைக்கவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னவர்களுக்கு நீயே சொல்லிக்கொடு என்றார். அவன் சொல்லிக்கொடுத்துவிட்டான்.

திண்ணைப் பள்ளியில் இந்த ஏற்பாட்டுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். பெல் 1797-இல் லண்டனில் புத்தகம் போட்டதும் அது 'மதராஸ் முறை' ஆகிவிட்டது. அங்கே ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் மணல் மேசையும் சட்டாம்பிள்ளைகளுமாகக் கடை விரிக்க, யார் முதலில் என்று இரண்டு கட்சிக்கும் குடுமிப்பிடிச் சண்டை. குடுமி வைத்திருந்த அசல் ஆளைச் சாட்சிக்குக்கூட யாரும் அழைக்கவில்லை. 1832-இல் இறந்த பெல்லுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடம் கிடைத்தது. அவர் பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் பெயர் மதராஸ் காலேஜ்.

பிறகு சிலேட்டு, கரும்பலகை, ரேடியோ. 

1984-இல் இங்கிலாந்து பதில் மரியாதை செய்தது. மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் பி.பி.சி. மைக்ரோ கணினிகள் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தன. நினைவகம் 32 கிலோபைட். சில்லில் இருக்கும் சிலிக்கனும் மணலிலிருந்து எடுப்பதுதானே, போன சரக்கு வட்டியோடு திரும்பியது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப்பின் எந்தப் பள்ளியிலும் கணினி அறை கர்ப்பக்கிரகம்தான். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். தரிசனம் உண்டு, தொடக்கூடாது. மேலே போர்த்திய துணி இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் விலகும். சாவி தலைமையாசிரியர் பீரோவில், பீரோ சாவி அவர் பையில், அவர் மீட்டிங்கில்.

2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி திட்டமும் அன்றைக்கேதான். எல்லாம் கொடுத்தார்கள், மின்சாரம் மட்டும் பட்டியலில் விட்டுப்போயிற்று. அது மின்வெட்டுக் காலம். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கருவி பள்ளியில் தங்காமல் பிள்ளை கைக்கே போனதால், பூட்டிவைக்க யாருக்கும் வாய்ப்பில்லை. முதலில் சினிமா பார்த்தார்கள், பாட்டு ஏற்றினார்கள். அந்தச் சாக்கில் ஃபோல்டர், ஃபைல், பென் டிரைவ் எல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பழகின. இத்தனை திட்டங்களில் உருப்படியாகப் புழங்கியது அதுதான் என்பது என் கட்சி.

2020-இல் கொரோனா வந்து எல்லாரையும் ஒரே வாரத்தில் தொழில்நுட்பவாதி ஆக்கியது. ஆயுள் முழுக்க 'வாயை மூடு' என்று அதட்டிய கணக்கு வாத்தியார் கால் மணி நேரம் பாடம் நடத்தி முடித்ததும் ஒரு குரல் வந்தது: "சார், மியூட்ல இருக்கீங்க."

இப்போது ஸ்மார்ட் போர்டு காலம். வாங்குகிறவர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். டெண்டரில் எத்தனை அங்குலம், எத்தனை வருட வாரண்டி என்று எழுதுகிறீர்கள். அதற்குக் கீழே, அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கும் என்றும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.