கண்மாய்க்கரையில் ஒரு நாள்

கேள்வி: மதுரைக்கு வந்தால் மீனாட்சி கோயில், நாயக்கர் மகால், ஜிகர்தண்டா என்று பயணம் முடிந்துவிடுகிறது. கொடைக்கானலுக்குப் போனால் ஏரித் தண்ணீரைவிடக் கார்கள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. தண்ணீரும் அமைதியுமாக ஓர் ஊர் பக்கத்தில் இல்லையா?

பதில்: இருக்கிறது. மதுரையிலிருந்து மேலூர் பக்கமாகச் சுமார் 25 கி.மீ. போனால் அரிட்டாபட்டி. ஊரைச் சுற்றி ஏழு குன்றுகள், அவற்றின் காலடியில் ஆனைகொண்டான் கண்மாய். மேலூர் சாலையின் இரைச்சலை விட்டு உள்ளே திரும்பிய கொஞ்ச நேரத்தில் பறவைச் சத்தம் காதில் விழத் தொடங்கும்.

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு இந்த ஊரிலும் அடுத்துள்ள மீனாட்சிபுரத்திலுமாக 193.42 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அதுதான் முதலாவது. நாட்டின் முதல் தலம், 2007இல் அறிவிக்கப்பட்ட நல்லூர் புளியந்தோப்பு, பெங்களூருக்குப் பக்கம். அங்கே மரங்கள் பெருமை. அரிட்டாபட்டியில் பாறை, தண்ணீர், பறவை, கல்லெழுத்து நான்கையும் ஒரே காலை நடையில் பார்த்துவிடலாம்.

கேள்வி: படகு சவாரி உண்டா?

பதில்: கிடையாது. அமைதி மிச்சம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: 72 ஏரி, 200 சுனை, 3 தடுப்பணை என்று அரசுக் கணக்கு சொல்கிறது. ஒரு கிராமத்துக்கு இவ்வளவு எதற்கு?

பதில்: அந்த மொட்டைப் பாறைகளைப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை பாறையில் ஊறுவதில்லை. அப்படியே வழிந்து இறங்குகிறது. கொஞ்சம் சுனைகளில் தங்கும், கொஞ்சம் குட்டைக்கும் ஊருணிக்கும் போகும், மீதி கண்மாய்க்கு வரும். கண்மாய் பெருகினால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கு ஓடும். வருடத்தில் சில வாரங்கள் மட்டும் கொட்டுகிற மழையைப் பிடித்துவைக்க, மதுரைச் சீமை கண்டுபிடித்த வழி இதுதான். ஆனைகொண்டான் கண்மாய் 16ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில் வெட்டப்பட்டது என்கிறது அரசுக் குறிப்பு.

கரையில் ஏறி நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அதைவிடத் தாழ்வில் வயல். இந்தப் பக்கத்துப் பழைய கண்மாய்களில் தண்ணீருக்குள் இரட்டைக் கல்தூண் நிற்பதைப் பார்க்கலாம். தூண்களுக்குக் குறுக்கே துளை போட்ட கல் ஒன்று இருக்கும். அந்தத் துளை வழியே இறங்கும் கம்பைத் தூக்கினால் அடியில் உள்ள குழி திறந்து, கரைக்குக் கீழாகத் தண்ணீர் வயலுக்குப் போகும். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. ஆனால் எந்த வயலுக்கு எப்போது என்ற நியாயம் தெரிந்த ஒருவர் நீந்திப் போய்த் திறக்க வேண்டும். இந்த அமைப்புக்கு மடை என்று பெயர். மடையைத் தேடிப் பார்க்காமல் கண்மாயைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது, சமையலறையைப் பார்க்காமல் விருந்தைப் பாராட்டுவது போலத்தான்.

கேள்வி: மலையில் சமணர் கல்வெட்டு இருக்கிறதாமே? பிள்ளைகள் ரசிப்பார்களா?

பதில்: கதையாகச் சொன்னால் கட்டாயம் ரசிப்பார்கள். கழிஞ்சமலையில் இயற்கையான குகைத்தளம் ஒன்று இருக்கிறது. அதன் நெற்றியில் 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழைய தமிழி எழுத்துகள். துறவிகள் தங்க இந்த இடத்தை அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்கள் அவை. ஒருவர் நெல்வேலியைச் சேர்ந்தவர், இன்னொருவர் இலஞ்சிக்காரர். திருநெல்வேலியும் குற்றாலத்துப் பக்கத்து இலஞ்சியுமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. அவ்வளவு தொலைவிலிருந்து வந்து அறம் செய்திருக்கிறார்கள்.

அதற்குப் பல நூறு வருடங்கள் கழித்து, கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுவாக்கில், அச்சணந்தி என்ற சமண முனிவர் அங்கேயே ஒரு தீர்த்தங்கரர் உருவத்தைச் செதுக்க வைத்தார். அதன் வட்டெழுத்துக் கல்வெட்டில் மலைக்குப் பெயர் திருப்பிணையன் மலை. உருவத்தைக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடியாருக்கு என்று அதில் வெட்டியிருக்கிறது. பாதிரிக்குடி என்பது இந்த ஊரின் பழைய பெயர். இந்த ஒரு வரிக்காகவே மலை ஏறலாம். சமண முனிவர் தான் செதுக்க வைத்த சிலையை அரசனிடமோ படையிடமோ விட்டுப் போகவில்லை, ஊர்க்காரர்களிடம் விட்டுப் போனார். அவர்களும் காப்பாற்றியிருக்கிறார்கள், சிலை இன்றும் இருக்கிறது.

இன்னொரு குன்றில் பாறையைக் குடைந்த சிவன் கோயில். ஊரார் இடைச்சி மண்டபம் என்பார்கள். 8ஆம் நூற்றாண்டை ஒட்டிய முற்காலப் பாண்டியர் பணி. முகப்பில் ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் லகுலீசர். குஜராத்தோடு தொடர்புடைய பாசுபத ஆசாரியர் அவர். தமிழ்நாட்டில் அவர் சிற்பம் அரிது.

கேள்வி: பாறையில் நம் பேரையும் எழுதிவிட்டு வரலாமா? (இதைக் கேட்டது ஒரு கல்லூரி மாணவர்.)

பதில்: ஏற்கெனவே அங்கே பேர் இருப்பவர்கள் ஆளுக்கொரு இடத்தைத் தானமாகக் கொடுத்தவர்கள், தம்பி. நீங்களும் ஊருக்கு ஒன்று கொடுங்கள். எழுதுவதை ஊர் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: டங்ஸ்டன் சுரங்கம் என்று செய்தியில் அடிபட்ட ஊர்தானே இது? இப்போது என்ன நிலை?

பதில்: அதே ஊர்தான். 2024 நவம்பர் 7 அன்று நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக மத்திய அரசு அறிவித்தது. தொகுதியின் பரப்பு ஏறத்தாழ 2,015 ஹெக்டேர். அரிட்டாபட்டியின் பாரம்பரியத் தலமும் அதற்குள் வந்தது. செய்தி தெரிந்ததும் கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்திலும் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர் பக்கத்துக் கிராமத்து ஜனம் நரசிங்கம்பட்டியில் திரண்டு, மதுரை தல்லாகுளம் வரை நடந்தே வந்தது. பெண்கள் கூட்டம் பெருங்கூட்டம். ஜனவரி 23 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்துவிட்டது.

கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டும் என்றால் மலை நிற்க வேண்டும். மலை போனால் தண்ணீர் எங்கிருந்து வழியும்? இது அங்கே வயல் வைத்திருக்கும் யாருக்கும் தெரிந்த கணக்கு. கிரானைட் குவாரிக்கே குன்றுகளைக் கொடுக்க மாட்டோம் என்று மறுத்த ஊர் அது. சுற்றுவட்டாரத்தில் எத்தனை குன்றுகள் அறுபட்டன என்று பார்க்க வேண்டுமானால் கீழவளவுப் பக்கம் போய் வாருங்கள், இந்த ஊர்க்காரர்களின் பிடிவாதம் எவ்வளவு பெரிய உபகாரம் என்று புரியும்.

கேள்வி: பறவை பார்க்க எப்போது போகலாம்?

பதில்: கார்த்திகையிலிருந்து மாசி வரை, விடியற்காலை. கண்மாய் நிறைந்திருக்கும், வெயிலும் அடங்கியிருக்கும். அந்தப் பகுதியில் சுமார் 250 வகைப் பறவைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, இராசாளிப் பருந்து மூன்றும் அங்கே பெரிய புள்ளிகள். செங்குத்துப் பாறையின் இடுக்குகள் அவற்றுக்கு வீடு, அதனால் அண்ணாந்து பார்க்க வேண்டியது வானத்தை அல்ல, பாறை விளிம்பை. தேவாங்கும் எறும்புதின்னியும் உண்டு. இரண்டும் ராத்திரி உலாத்துகிறவை, நம் கண்ணில் படாது. படாமல் இருப்பதே அவற்றுக்கு நல்லது.

கேள்வி: கோடையில் வந்தால்?

பதில்: மலை ஏற முடியாத வெயில். ஆனால் தண்ணீர் வற்றுகிற அந்தச் சமயத்தில் மேலூர் வட்டார ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். பொழுது விடியுமுன் கரை முழுக்க ஆள் நிற்பார்கள். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலை என்று கைக்குக் கிடைத்ததோடு சேற்றுக்குள் பாய்வார்கள். விரால், கெண்டை, கெளுத்தி, ஜிலேபி. பிடித்த மீனை விற்பதில்லை, வீட்டில் குழம்பு வைப்பதுதான் வழக்கம். அடுத்த வருடம் மழை பெய்ய வேண்டும் என்ற வேண்டுதல் அதில் இருக்கிறது. எந்தக் கண்மாயில் என்றைக்கு என்பதை அந்தந்த ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாப்பாடு?

பதில்: கட்டுச்சோறு. இலையையும் பாட்டிலையும் திரும்பக் கொண்டுவர ஒரு பையும்.

கேள்வி: காலையில் அரிட்டாபட்டி முடிந்துவிட்டால் மீதிப் பொழுதை எங்கே கழிப்பது? பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லவும்.

பதில்: மாட்டுத்தாவணியிலிருந்து மேலூருக்கு அடிக்கடி பஸ் உண்டு, கிராமத்துக்குள் போகிற பஸ் அப்படியில்லை, திரும்பி வரும் நேரத்தை நடத்துனரிடமே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். வண்டி இருந்தால் மீனாட்சிபுரம் வழியாக மாங்குளத்து ஓவாமலை. பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வருகிற, கி.மு. காலத்துத் தமிழிக் கல்வெட்டுகள் அங்கே. 1882இல் ராபர்ட் சூவெல் கண்டெடுத்தவை. ஏறுவது சிரமம், வயதானவர்கள் அடிவாரத்திலேயே இருந்துவிடலாம். அவர்களுக்கு அழகர்கோவில் சுகம்: நூபுர கங்கை, சுற்றிலும் மரம், கோயில் பிரசாதமாகக் கனத்த நெய்த் தோசை. இன்னும் ஒரு நாள் கையில் இருப்பவர்கள் நத்தம் பக்கம் காசம்பட்டிக் கோயில் காட்டுக்குப் போகலாம். 2025இல் மாநிலத்தின் இரண்டாவது பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மொத்தம் ஐந்து ஹெக்டேருக்கும் குறைவுதான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடங்கள், அது வீரணன் சாமியின் காடு.