கூட்டம் ஒரு கணக்கு, உண்டியல் ஒரு கணக்கு

ஏண்டா பேராண்டி, உனக்கும் உன் அத்தை மகனுக்கும் என்ன வரப்புத் தகராறா? தெரு நாயெல்லாம் எழுந்து ஓடுற அளவுக்குச் சத்தம். கிட்ட வந்து கேட்டா செல்போனாம். "நாட்டுல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல ஆண்ட்ராய்டு, உங்க ஐஃபோனுக்கு டெபாசிட் கூடத் தேறாது"ன்னு நீ மார் தட்டுற. அவன் தவணை முடியாத போனைச் சட்டையில துடைச்சுக்கிட்டு உன்னை ஏற இறங்கப் பார்க்கிறான்.

ஜெயிச்சது நீதான், ஒத்துக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். ஜெயிச்ச பணம் எங்கேடா? அந்தத் தொண்ணூறுல உன் கைக்கு என்ன வந்துச்சு? நான் எட்டாங்கிளாஸ் தாண்டாத கிழவன், டீக்கடை பேப்பரை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன். தப்பா கேட்டிருந்தா பொறுத்துக்கோ.

திருவிழாவுக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணுறது ஒரு கணக்கு. முடிஞ்சப்புறம் உண்டியலைக் கொட்டி எண்ணுறது இன்னொரு கணக்கு. உலகத்துல ஆளுங்க கையில இருக்கிற ஸ்மார்ட்போன்ல பத்துக்கு ஏழு ஆண்ட்ராய்டு. ஆப் இறக்குறதுலயும் கூகுள் கடையிலதான் நெரிசல். ஆனா ஜனங்க காசு செலவழிக்கிற தொகையைப் பாரு, ஆப்பிள் கடையில அது ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஆப் எழுதுறவன் எந்தக் கணக்கைப் பார்ப்பான்? இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபர்ல ஐஃபோனுக்கு வந்துச்சு. உங்க ஆண்ட்ராய்டு அந்த வருஷமே விற்பனையில ஐஃபோனைத் தாண்டியாச்சு. தாண்டி என்ன? உங்களுக்கு இன்ஸ்டாகிராம் வர 2012 ஏப்ரல் ஆச்சு. அதுவரைக்கும் பெரும்பான்மையா வரிசையில நின்னீங்க.

அத்தை மகன் பல்லைக் காட்டுறான் பாரு. மாப்ளே, உலகத்துல ஸ்மார்ட்போன் வித்து வர்ற லாபத்துல பெரும்பகுதி ஆப்பிளுக்குத்தான், நிஜம். அது எங்கேருந்து போச்சு? உன் மடியிலிருந்து. தன் பையிலிருந்து போன காசைக் காட்டிப் பெருமை பேசுற ஆளை நான் இப்பத்தான் பார்க்கிறேன்.

2007-ன்னு ஒரு வருஷம் இருந்துச்சு. அப்போ உலகத்துல வித்த ஸ்மார்ட்போன்ல பாதிக்கு மேல நோக்கியாவோட சிம்பியன். மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் ஐஃபோனைப் பார்த்து, 500 டாலரா, கீபோர்டு கூட இல்லையேன்னு டிவி கேமராவுக்கு முன்னாடி சிரிச்சார். ஸ்டீவ் ஜாப்ஸ் ஆசைப்பட்டதோ 2008-ல மொத்த செல்போன் சந்தையில நூத்துக்கு ஒண்ணு. ஒண்ணுடா! பாதிக்கு மேல வச்சிருந்த சிம்பியனை 2011 பிப்ரவரியில நோக்கியாவே கைகழுவிட்டு, சிரிச்ச பால்மரோட போய்ச் சேர்ந்துச்சு.

அப்போ சந்தைப் பங்கே வேண்டாமான்னு கேக்குறியா? கேளு, கேட்டாத்தான் கிழவனுக்குப் பேச்சு வரும். வேணும்டா, உயிர் தரிக்கிற அளவுக்கு வேணும். அந்த ரெண்டு பேரும் சேர்ந்து வித்த விண்டோஸ் ஃபோன் பார்க்க லட்சணமா இருந்துச்சு. ஆளு கம்மின்னு ஆப் எழுதுறவன் வரல. ஆப் இல்லேன்னு ஆளு வரல. 2013-ல ஒரு ஆப்புக்கு 100 டாலர் தர்றோம்னு மைக்ரோசாஃப்ட் கூவிக் கூப்பிட்டுச்சு. கூலிக்கு வந்தவன் எப்படி எழுதியிருப்பான்னு நான் வேற சொல்லணுமா? மைக்ரோசாஃப்டே செஞ்சு வச்ச யூடியூப் ஆப்பை அதே வருஷம் கூகுள் அடைச்சுப் போட்டுச்சு. 544 கோடி யூரோவுக்கு நோக்கியாவோட போன் தொழிலை வாங்கினவங்க 2015-ல 760 கோடி டாலரை நட்டக் கணக்குல எழுதினாங்க. வாங்கின விலையைவிட நட்டம் பெருசு. அதுக்கும் ஒரு சாமர்த்தியம் வேணும்.

நம்ம ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஃபேக்டரி 2006-ல ஆரம்பிச்சது. வரி வழக்குல சிக்கினதால அந்த விற்பனையில அதைச் சேர்க்கல. 2014 நவம்பர் 1-ந்தேதி மெஷின் நின்னுது. அங்கே செஞ்சதுல பெரும்பாலும் பட்டன் போன்தான், அதனால முழுப் பழியையும் பங்கு மேல போட முடியாது. ஆனா உலகத்துலயே நம்பர் ஒன் கம்பெனின்னு நம்பித்தான் நம்ம வட்டாரத்துப் பொம்பளப் பிள்ளைங்க ஷிப்டு பஸ் ஏறினாங்க. அந்த இடத்தை அப்புறம் ஐஃபோனுக்குச் சார்ஜர் செய்யுற சால்காம்ப் வாங்கிச்சு.

ஆண்ட்ராய்டு பக்கம் மட்டும் என்ன வாழுதாம்? 2008-ல முதல் ஆண்ட்ராய்டு போனைச் செஞ்சது எச்டிசி. 2017-ல அது தன் எஞ்சினியர்கள்ல ஒரு பெரிய கும்பலை 110 கோடி டாலருக்குக் கூகுள்கிட்டயே ஒப்படைச்சுது. எல்ஜி 2021-ல போன் கடையையே மூடிச்சு. ஆண்ட்ராய்டு ஜெயிச்சுக்கிட்டே இருந்த காலத்துலதான் இதெல்லாம். இங்கே 2022-ல கூகுளுக்கு நம்ம போட்டி ஆணையம் போட்ட அபராதம் 1,337 கோடி ரூபாய்க்கு மேல. பங்கு ஏறினா வழக்கும் ஏறும்.

இப்போ ஒண்ணு சொல்றேன், ரெண்டு பேரும் உட்கார்ந்து கேளுங்க. ஐஃபோன்ல தேடுறவன் முதல்ல கூகுள்லதான் தேடணும்ங்கிறதுக்காக 2022-ல மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் குடுத்தது 2,000 கோடி டாலர். அமெரிக்க கோர்ட்டுல வெளியான கணக்கு. நீ எளக்காரமா எண்ணுன அந்தச் சின்னக் கூட்டத்துக்கு உன் கட்சித் தலைவர் வச்ச விலை அது. அவங்க ரெண்டு பேரும் வரவு செலவு பார்க்குறாங்க, நீங்க ரெண்டு பேரும் என் திண்ணையில மல்லுக்கு நிக்கிறீங்க.

போன் வாங்குறப்போ பங்கு எவ்வளவுன்னு கடைக்காரன்கிட்ட கேட்டுத் தொலைக்காதே, அவன் அதையே பத்து நிமிஷம் பேசுவான். எத்தனை வருஷம் அப்டேட் வரும்னு கேளு. கூகுள் பிக்சல் 8-லிருந்தும் சாம்சங் எஸ்24-லிருந்தும் 7 வருஷம்னு வாக்குக் குடுத்திருக்காங்க. நீ வாங்கப்போற பத்தாயிரம் ரூபாய் போனுக்கு எத்தனைன்னு பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி கேட்டு வை. பேட்டரி மாத்த என்ன ஆகும்னும் கேளு. அத்தை மகனே, அந்த ரெண்டாவது கேள்வி முக்கியமா உனக்கு.