தணிக்கைக்கு உட்படாத பந்தல்

எங்கள் தெருவுக்கு சிலிண்டர் கொண்டுவருகிற தம்பி எல்லார் வீட்டிலும் அடுப்படி வரை வந்து வைத்துவிட்டுப் போவார். எதிர்வீட்டில் மட்டும் கேட்டுக்கு வெளியிலேயே இறக்கிவிட்டு, கம்பி இடுக்கு வழியாகப் பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார். ஒருமுறை தெரியாமல் உள்ளே போனவர், முக்கால் மணி நேரம் கழித்துக் கையில் இரண்டு வெண்டைக்காயோடு வெளியே வந்தார். அன்று பிடித்த ஓட்டம்.

எதிர்வீட்டில் இருப்பவர் தோட்டக்கார சார். தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. ரிட்டயர் ஆன மறு மாதமே மண்வெட்டியோடு கொல்லைப்புறத்தில் இறங்கியிருப்பார். தலையில் துண்டு, காதில் செருகிய பென்சில், சட்டைப்பையில் விதைப் பொட்டலம். எங்கள் சார் தணிக்கைத் துறையில் 34 வருஷம் இருந்தவர். அடுத்தவர் கணக்கு எட்டணா உதைத்தாலும் விட்டதில்லை. அப்படிப்பட்டவர் இன்றுவரை திறந்தே பார்க்காத கணக்கு ஒன்று உண்டு. அது இந்தத் தோட்டத்துக்கு ஆன செலவு. சார் வீட்டு அம்மா ஒரு பழைய டைரியில் அதைத் தனியாக எழுதிவைத்திருக்கிறார் என்று கேள்வி.

தோட்டத்தைச் சுற்றிக் காட்டும்போது அவர் பேச்சு ஆஸ்பத்திரி வார்டில் ரவுண்டு வருகிற டாக்டரின் பேச்சு. “இந்தக் கத்தரி நேத்து கொஞ்சம் சுணங்குச்சு. அசுவினி. வேப்பெண்ணெய் கரைச்சுத் தெளிச்சேன், இப்பத் தேவலை. இந்தத் தக்காளிக்கு இலை சுருண்டிருச்சு, இனி கஷ்டம்தான்.” கடைசி வாக்கியத்தைச் செடியின் காதில் விழாதபடி தணிந்த குரலில் சொல்வார். நாமும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் காய் கொடுப்பதுதான் கஷ்டம். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு மூன்று வெண்டைக்காய் வரும், விதைத்த நாள் முதல் பறித்த நாள் வரையான வரலாற்றோடு. மறுநாள் காலை கேட் சத்தம் கேட்கும். “எப்படி இருந்துச்சு?” “நல்லா இருந்துச்சு சார்” என்றால் போதாது, முகம் வாடிவிடும். என் மனைவி கெட்டிக்காரி. கடையில் வாங்கின அரைக்கிலோவோடு இந்த மூன்றையும் நறுக்கிச் சாம்பாரில் போட்டுவிட்டு, “மத்த காய்க்கு நடுவுல அது மட்டும் தனியாத் தெரிஞ்சுது சார்” என்றாள். அடுத்த வாரம் ஐந்து வந்தது.

திராட்சைக் கதை வேறு. அவருடைய சம்பந்தி கம்பம் பள்ளத்தாக்கில் காமயகவுண்டன்பட்டிக்காரர். அங்கிருந்து வந்த பன்னீர் திராட்சைக் குச்சி ஒன்று கொல்லையில் பிடித்துக்கொண்டது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, ஏதோ தன் கொடிக்கே கிடைத்ததுபோலத் தெருவுக்கே கேசரி கொடுத்தார். அப்போது அந்தக் கொடியில் ஒரு பிஞ்சுகூடக் கிடையாது. இரும்புக் குழாய் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் முழுக்க இலை.

ஐப்பசி மழையில் இலையின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. அடிச்சாம்பல் நோயாம். சார் போர்டோ கலவை தயாரித்தார். லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் மயில்துத்தம், பத்து கிராம் சுண்ணாம்பு. பதம் பார்க்க, தேய்த்த இரும்புக் கத்தியை முக்கி எடுக்க வேண்டும். கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். படிந்தது. அது அம்மா அதற்கு முந்தின நாள்தான் வாங்கின காய் நறுக்கும் கத்தி. அன்று மத்தியானம் அந்த வீட்டில் ஹோட்டல் சாப்பாடு.

மருந்து அடித்துக்கொண்டே சார் எனக்குக் கதை சொன்னார். பிரான்ஸில் போர்டோ பக்கம் ரோட்டோரத் திராட்சையைப் போகிறவர் வருகிறவர் பறித்துத் தின்றுவிடுவார்களாம். விஷம் என்று பயந்து ஓடட்டும் என்று தோட்டக்காரர்கள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் பூசிவைக்க, அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தாராம். 1885-இல் ஊரறியச் சொன்னாராம். கதை உண்மைதான். ஆனால் “பறிக்கிறவங்க” என்று வந்த இடத்தில் எல்லாம் சார் ஏன் என் முகத்தையே பார்த்தார்?

தை மாதம் சம்பந்தி வந்தார். பந்தலை அண்ணாந்து பார்த்தார்.

“என்ன சம்பந்தி, கவாத்தே பண்ணலையா?”

“பிள்ளை மாதிரி வளர்த்தது. எப்படிங்க வெட்டுறது?”

“வெட்டாம வச்சா இலையத்தான் திங்கணும். புதுசா வர்ற துளிர்லதானே கொத்து வைக்கும்?” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். நாலு நாலு கணு விட்டு மீதியை எல்லாம் நறுக்கித் தள்ளினார். ஒரு மணி நேரத்தில் பந்தல் மொட்டை. பெண் கொடுத்த இடம். சார் என்ன பேச முடியும்? ராத்திரி சாப்பிடாமல் படுத்தார்.

பத்துப் பன்னிரண்டு நாளில் துளிர்த்தது. துளிரோடு கொத்தும் வந்தது. மூன்றே மூன்று கொத்து. கொசுவலையைக் கிழித்துச் சுற்றிக் காவல் இருந்தார். ஒன்றை அணில் வலையோடு தின்றது. இன்னொன்று சம்பந்தி வீட்டுக்குப் போனது. சித்திரையில் எஞ்சிய கொத்திலிருந்து எங்களுக்கு ஒரு டம்ளரில் ஆறு பழம் வந்தது. நல்ல இனிப்பு, விதை இரண்டு மூன்று. இதைச் சொன்னால் என் மனைவி நம்பவில்லை, அவளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்பதால்.

கவாத்து பண்ணின குச்சிகளை சார் வீணாக்கவில்லை. வீட்டுக்கு ஒன்றாகத் தொட்டியில் நட்டுக் கொடுத்தார். எங்கள் குச்சி மாசி மாதமே காய்ந்துவிட்டது. அவர் காலையில் ஆறரைக்கு வாசலுக்கு வருவார். அந்த நேரத்துக்கு நான் தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.