குக்கரி கோர்ஸ் தம்பி

வீட்டில் ஒருவன் சாம்பாரைக் கரண்டியில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "அம்மா, அசிடிட்டி கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றால் பதற வேண்டாம். அவனுக்கு மெல்போர்னிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தத் தம்பியை இப்போது எந்த ஊரிலும் பார்க்கலாம். மெக்கானிக்கலோ சிவிலோ முடித்திருப்பான். அடுப்படிக்கும் அவனுக்கும் நேற்றுவரை இருந்த உறவு, ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்துவிட்டு காலி பாட்டிலை மறுபடி உள்ளேயே வைப்பதுதான். இன்று ஆஸ்திரேலியாவில் கமர்ஷியல் குக்கரி படிக்கப் போகிறான். சர்ட்டிபிகேட் மூன்று, அதற்கு மேல் சர்ட்டிபிகேட் நான்கு, அதற்கும் மேல் ஹாஸ்பிடாலிட்டி டிப்ளமோ என்று மாடி மேல் மாடி கட்டி வைத்திருக்கிறான். "ஏன்டா தம்பி, திடீர்னு சமையல்?" என்று கேட்டுப் பாருங்கள். ருசி, கலை என்றெல்லாம் சுற்றி வளைக்க மாட்டான். "லிஸ்ட்ல செஃப் இருக்குண்ணா. 351311" என்பான். அது அந்த நாட்டுக் குடியேற்றப் பட்டியலில் செஃப் வேலைக்கான எண். தன் ஆதார் எண்கூட அவனுக்கு இவ்வளவு வேகமாக நாவில் வராது.

இதே தம்பி ப்ளஸ் டூ முடித்ததும், தரமணியில் இருக்கும் ஹோட்டல் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட்டுக்கு நுழைவுத் தேர்வு எழுதட்டுமா என்று கேட்டிருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். "கரண்டி பிடிக்கவா உன்னைப் பெத்து வளர்த்தேன்?" என்று அப்பா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பார். இப்போது அதே அப்பா எல்.ஐ.சி. பாலிசியில் கடன் வாங்கிக்கொண்டு நிற்கிறார். கரண்டி விமானம் ஏறிவிட்டால் கௌரவம் வந்துவிடுகிறது. "பையன் மெல்போர்ன்ல மேற்படிப்பு" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்கிறார். என்ன படிப்பு என்று யாராவது கேட்பதற்குள் ரசம் ஊற்றச் சொல்லி இலையைக் காட்டிவிடுகிறார்.

ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வை நம்ம ஆள் சுலபமாகத் தாண்டிவிட்டான். பிடித்த உணவைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்களாம். சமையலைத் தொடாமல், பிரியாணி சாப்பிட்ட கடைகளைப் பற்றியே பேசி நேரத்தை ஓட்டியிருக்கிறான். 6 கேட்டார்கள், 6.5 வந்தது.

சிக்கல் வருவது விசாவுக்குக் கதை எழுதும் இடத்தில். 2024 மார்ச் வரை, "தற்காலிகமாகத்தான் வருகிறேன், படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவேன்" என்று ஆஸ்திரேலிய அரசை நம்ப வைக்க வேண்டியிருந்தது. ஆகவே தம்பிமார் பலரும் திரும்பி வந்து செட்டிநாட்டு உணவகம் தொடங்குவதாக எழுதித் தள்ளினார்கள். எழுதியபடி தொடங்கியிருந்தால் காரைக்குடியில் குடியிருக்க வீடு மிஞ்சியிருக்காது. இப்போது விதி மாறிவிட்டது. நீ உண்மையான மாணவன்தானா என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 150 சொல்லுக்குள் பதில் சொல்லச் சொல்கிறார்கள். பின்னாளில் அங்கேயே தங்க நினைப்பது குற்றமில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார்கள். இதைச் சொன்னால் தம்பி நம்புவதில்லை. கன்சல்டன்சி மேடமும் நம்புவதில்லை.

அதனால் பாட்டியை இறக்குகிறார்கள். சமையல் கல்லூரிக் கட்டுரையில் பாட்டி கட்டாயப் பாடம். "ஐந்து வயதில் பாட்டியின் விறகடுப்பருகே அமர்ந்து மசாலாவின் மணத்தில் என் வாழ்வின் நோக்கத்தைக் கண்டேன்" என்ற தோரணையில் மேடம் எழுதிக் கொடுத்திருந்தார். நிஜப் பாட்டி திண்ணையில்தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "இவனா? அஞ்சு வயசுல அடுப்புல தண்ணிய ஊத்தி அணைச்ச பய" என்றார். என்னைக் கேட்டால் அதை அப்படியே எழுதியிருக்கலாம். 150 சொல்லுக்குள் அடங்கும், உண்மையாகவும் இருக்கும்.

பணக் கணக்கு தனி. படிப்புக் கட்டணம், டிக்கெட் போக, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 29,710 ஆஸ்திரேலிய டாலர் காட்ட வேண்டும். 2025 ஜூலையிலிருந்து விசாக் கட்டணம் 2,000 டாலர். விசா கிடைக்காவிட்டாலும் அது போனது போனதுதான். சித்தப்பாவின் டெபாசிட், அத்தையின் நகைக்கடன், வங்கிக் கல்விக்கடன் எல்லாம் ஒரே பாஸ்புக்கில் வந்து உட்காரும். கடன் கொடுத்த அத்தைக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் வந்துவிடும். "ஏன்டா, அங்க மாட்டுக்கறி, பன்னிக்கறியெல்லாம் தொடணுமாமே?" "கிளவுஸ் போட்டுக்குவேன் அத்தை." செய்ததை ருசி பார்த்தாக வேண்டும் என்பதை அவன் சொல்லவில்லை. விசா வரும்வரை சொல்லவும் மாட்டான்.

ஆஃபர் வந்த பிறகுதான் ஞானம் பிறக்கும். வெங்கடேஷ் பட், கோர்டன் ராம்சே என்று இரவெல்லாம் யூடியூப். ஆன்லைனில் எட்டங்குலக் கத்தி ஒன்று வந்து இறங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்றைக்குப் பொரியலுக்கு நான்தான் நறுக்குவேன் என்று உட்கார்ந்தான். கேரட்டைப் புருன்வாஸ் வெட்டாக வெட்ட வேண்டுமாம். நாலாபுறமும் 3 மில்லிமீட்டர் வரும் பொடிக்கட்டம். கல்லூரியில் நாலு வருடம் பைக்குள்ளேயே தூங்கிய வெர்னியர் காலிப்பர் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. ஒவ்வொரு துண்டாக அளந்தான். 3.2 வந்ததை ஒதுக்கினான், 2.8 வந்ததைத் தின்றான். மணி ஒன்றரை. "டேய், இது பொரியலா, நகைக்கடையா?" என்ற அம்மா, அரிவாள்மணையை இழுத்துப் போட்டு மீதிக் கேரட்டை மூன்று நிமிடத்தில் முடித்தார். தம்பி குனிந்து, அம்மா வெட்டியதிலிருந்து நாலைந்து துண்டை எடுத்துக் காலிப்பரில் வைத்துப் பார்த்தான். எல்லாம் மூன்றுக்குப் பக்கத்திலேயே நின்றன.

அன்று முதல் அம்மா பின்னாலேயே சுற்றுகிறான். தாளிப்பில் கடுகு வெடித்ததும் அடுத்தது எது, ஏன் என்று கேட்கிறான். மேடம் எழுதிக் கொடுத்த ஆசை அவனுக்குக் கொஞ்சம் நிஜமாகவே வந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். வந்தால் நல்லது. சர்ட்டிபிகேட் மூன்றை முடிக்க, சமையற்கட்டில் 48 முழு சர்வீஸ்கள் நின்று வேலை செய்து காட்ட வேண்டும். ஆர்டர் சீட்டு வந்து விழுந்துகொண்டே இருக்கும் வெள்ளிக்கிழமை இரவில் 351311 என்று சொன்னால் ஆம்லெட் திரும்பாது. வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வெளியே வேலை பார்க்க அனுமதி உண்டு. முதல் வேலை பெரும்பாலும் கிச்சன் ஹேண்ட். பாத்திரம் தேய்ப்பது, தரை துடைப்பது, மூட்டை உருளைக்கிழங்கு உரிப்பது.

இப்படி ஒரு தம்பி உங்கள் வீட்டில் இருந்தால் ஒரே ஒரு உதவி செய்யுங்கள் தாய்மார்களே. சாப்பிட்டு எழுந்ததும் அவன் தட்டை நீங்கள் எடுக்காதீர்கள்.