கொண்டை ஊசியும் இத்தாலி இதயமும்

கேள்வி: அப்பாவின் பழைய பிரீமியர் பத்மினியில் கொல்லிமலை ஏற ஆசை. இத்தாலி வம்சத்துக் காரை நம்பலாமா?
– ஒரு வாசகர், ராசிபுரம்

பதில்: தாராளமாக! பம்பாய் குர்லாவில் தயாரானாலும் அதன் பூர்வீகம் பியட் 1100. மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வெயிலில் பெட்ரோல் பம்ப் சூடேறி, பெட்ரோல் ஆவியாகி, வண்டி நின்றால் பயப்படாதீர்கள். பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டுப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். துணி காய்வதற்குள் கிளம்பிவிடும். ரேடியேட்டருக்கு ஒரு கேன் தண்ணீரும் வேண்டும்.

இத்தாலி என்ஜினைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல்தான் மாருதி ஸ்விப்டிலும் டாடா இண்டிகா விஸ்டாவிலும் ஓடியது. 'என்னமா இழுக்குது!' என்று ஸ்விப்டைத் தட்டிக்கொடுத்தவர்கள் பாராட்டியது இத்தாலியைத்தான். பியட்டின் புன்டோ, லீனியா கார்களை வைத்திருந்தவர்களின் ஏக்கமெல்லாம் உதிரிபாகத்துக்கும் பக்கத்தில் ஒரு சர்வீஸ் சென்டருக்கும்தான். 2019-இல் பியட் கார் விற்பனையே இங்கே நின்றது. எனக்கு இன்னும் வருத்தம்.

இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். அப்பாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள்; அந்த வண்டியின் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவருக்கு அர்த்தம் தெரியும்.