மிலிட்டரி மாமா

காரைக்கால்மேட்டில் ஒரு ஆணை அடையாளம் சொல்ல அவர் எந்தப் படகு என்று சொல்ல வேண்டும். பட்டாளத்துக்குப் போய் வந்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை. "மிலிட்டரி" என்றால் போதும். வயதுக்குத் தக்கபடி அண்ணனோ மாமாவோ தாத்தாவோ பின்னால் ஒட்டிக்கொள்ளும். கிளிஞ்சல்மேட்டிலும் ஒருவர் இருப்பார், பட்டினச்சேரியிலும் இருப்பார். நான் பார்த்த பலரை ஒரே சட்டைக்குள் நுழைத்துத்தான் இந்த மிலிட்டரி மாமாவை உண்டாக்கியிருக்கிறேன். சட்டை இஸ்திரி போட்டது. மடித்துவிட்ட கை நாலு விரல் அகலம், கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது.

மாமா ரிட்டயர்டு ஹவில்தார், மெட்ராஸ் ரெஜிமெண்ட். "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று கத்திக்கொண்டு ஓடிப் பழகிய தொண்டை. அந்தத் தொண்டையில் "டோக்கன் நம்பர் எத்தனைம்மா?" என்று கேட்டால் வெளியே நிற்கிற ஆட்டோக்காரர் உள்ளே வந்து டோக்கன் வாங்குவார்.

தமிழ்நாட்டு ஊர்களில் முன்னாள் ராணுவத்தாருக்குக் கிடைக்கிற மரியாதையில் பாதி கேன்டீன் ரம்முக்கு உரியது. மாதக் கோட்டா வந்த அன்று, பத்து வருஷமாகப் பேசாத பங்காளிகூட "அண்ணே, உடம்பு எப்படி இருக்கு?" என்று வந்து நிற்பான். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது; இங்கே இந்தப் பாச்சா பலிக்காது. நாகப்பட்டினத்திலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் பஸ் பிடித்து வந்து குடித்துவிட்டுப் போகிற ஊரில், கோட்டா பாட்டிலை வைத்துக்கொண்டு யாரிடம் செல்வாக்குக் காட்டுவது? மிலிட்டரி மாமா வேறு வழி தேட வேண்டியிருந்தது. காகிதத்தைக் கண்டுபிடித்தார்.

முன்னாள் படைவீரர்களின் மனுக்களை வாங்குகிற கவுண்டர் ஒன்று டவுனில் இருக்கிறது. எந்த அலுவலகம், எந்த மாடி என்பதெல்லாம் வேண்டாம். கவுண்டருக்கு எதிரே ஒரு மரப் பெஞ்சு. அலுவலகம் திறக்க அரைமணி இருக்கும்போதே மாமாவின் டிவிஎஸ் எக்ஸ்எல் வாசலில் நிற்கும். சம்பளம் கிடையாது, உத்தியோகம் கிடையாது, வரச் சொன்னவர் கிடையாது. ஆனால் அந்த இருக்கைக்கு வந்துபோன அத்தனை குமாஸ்தாக்களுக்கும் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

புதுச்சேரி அரசின் வரைபடம் விசித்திரமானது. காரைக்கால் இங்கே, மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திராவில். புதுச்சேரியில் இருக்கிற குமாஸ்தாவுக்கு டிரான்ஸ்பர் என்றால் இந்த மூன்றில் ஒன்று; வந்து சேர்ந்த நாளிலிருந்தே திரும்பிப் போகிற தேதியை எண்ண ஆரம்பித்துவிடுவார். அப்படித்தான் ஒரு பெண் அந்தக் கவுண்டருக்கு வந்தாள். பயிற்சி வகுப்பு முடித்திருந்தாள். கையில் ஃபைல், ஃபைலுக்குள் அச்சடித்த ஸ்லைடுகள், சான்றிதழ், வகுப்பில் கொடுத்த பேனா. மாமா பெஞ்சில் இருந்தபடியே பேனாவைப் பார்த்தார்.

"பாப்பா, பட்டாளத்தான் வந்து நின்னா முதல்ல என்ன கேப்ப?"

"பென்ஷன் ஆர்டர் நம்பர், சார்."

"தப்பு. நாற்காலியைக் காட்டு. அப்புறம் எந்த ரெஜிமெண்ட்னு கேளு."

இதில் விஷயம் இருக்கிறது. ரெஜிமெண்ட் தெரிந்தால் ஆவணக் காப்பகம் எங்கே என்று தெரியும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் என்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஈ.எம்.ஈ.க்கு செகந்திராபாத், ரிட்டயர்டு ஆன பிறகு மறுபடி டி.எஸ்.சி.யில் சேர்ந்து காவல் நின்றவருக்குக் கண்ணூர். மாமாவுக்கு இந்திய தேசம் இந்த ஊர்களால் ஆனது; தாஜ்மகால் எங்கே என்று கேட்டால் யோசிப்பார். ஸ்லைடில் இதெல்லாம் அட்டவணையாக இருந்தது. மாமாவிடம் வாய்ப்பாடாக இருந்தது. வாரம் முடிவதற்குள் அவளுக்கும் மனப்பாடமாகிவிட்டது.

அடுத்த பாடம் பெயர். அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொண்டு போன தமிழ்ப் பையன்களைப் பட்டாளத்தில் எத்தனையோ பேர் அப்பா பெயரைச் சொல்லியே கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பாக்களே இருபது வருஷம் சல்யூட் அடித்த மாதிரிதான். எழுதிக்கொண்ட கிளார்க் வடக்கத்தியார் என்றால் அஞ்சப்பன் ஆஞ்ஜபன் ஆகிவிடுவான். கல்யாணம் ஆனதும் மனைவி பெயர் பார்ட் டூ ஆர்டர் என்கிற பட்டாளப் பதிவில் ஏற வேண்டும். இவன் பனிமலையில் நின்றுகொண்டு, வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிவிடுவான். ஆதாரில் செல்வராணி, பட்டாளக் கணக்கில் செல்வி. அவன் இருக்கிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. அவன் போன பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்டுச் செல்வராணி வந்து நிற்கும்போது, செல்வி யார் என்று கம்ப்யூட்டர் கேட்கும்.

"இப்ப நீ என்ன சொல்லுவ?" என்றார் மாமா.

"நேம் மிஸ்மேட்ச்னு சொல்லுவேன் சார்."

"அந்த வார்த்தையைச் சொன்னியோ, அந்த அம்மா வீட்டுக்குப் போயி அவருக்கு ரெண்டாவது குடும்பம் இருந்துச்சுன்னு அழும். எழுத்துப் பிழைன்னு சொல்லு. டிஸ்சார்ஜ் புக்கைக் கேளு. வீட்டுல கருப்பா ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும், வெள்ளை பெயிண்டுல நம்பர் எழுதியிருக்கும். அதுல அடியில பார்க்கச் சொல்லு."

இருந்தது. நாப்தலின் உருண்டைக்குக் கீழே.

அமெரிக்காவில் முன்னாள் வீரர்களின் கோரிக்கைகளை எழுதிக்கொடுக்கவே பயிற்சியும் அரசு அங்கீகாரமும் பெற்ற ஆட்கள் இருக்கிறார்களாம். மாமாவிடம் யாரோ இதைச் சொன்னபோது, "டீ யார் வாங்கித் தருவா?" என்று மட்டும் விசாரித்தார்.

மாமாவிடம் எல்லாமே மெச்சத் தக்கது என்று சொல்லிவிட முடியாது. அவர் பாடத்திட்டத்தில் வேண்டாதவையும் உண்டு. ஒரு மணியைப் பதின்மூன்று நூறு மணி என்றுதான் சொல்லுவார். மனுவைக் கொடுத்தால் மூன்று நகல், அத்தாட்சி முத்திரை, அந்த முத்திரைக்கு ஒரு நகல். எதிரே இருப்பவர் திருமலைராயன்பட்டினத்துக்காரராக இருந்தாலும் கோபம் வந்துவிட்டால் இந்தியில்தான் திட்டுவார். திட்டு வாங்கியவர் ஏதோ நல்லது சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டுப் போவார்.

2021இல் ஸ்பர்ஷ் வந்தது. பாங்கி வழியாக வந்துகொண்டிருந்த பென்ஷன், பிரயாக்ராஜ் அலுவலகத்திலிருந்து கம்ப்யூட்டர் வழியாக நேரே வர ஆரம்பித்தது. பாங்கி மேனேஜரைப் பார்த்து முறைத்தே காரியம் சாதித்த தலைமுறைக்கு இது பெரிய இழப்பு. பிரயாக்ராஜைப் போய் முறைக்க முடியாது. மாமா ஒரு வாரம் பெஞ்சுக்கு வரவில்லை. எட்டாம் நாள், பேத்தியிடம் கற்றுக்கொண்ட பாஸ்வேர்டோடு வந்தார். அதை டைரியில் எழுதி, டைரியை ஜிப் பைக்குள் போட்டு, பையைச் சட்டைக்குள் வைத்திருந்தார்.

நவம்பர் வந்தால் போர்க்காலம். உயிரோடு இருக்கிறேன் என்று பென்ஷன்காரர்கள் நிரூபிக்கிற மாதம். புதுச்சேரிக்காரர்களுக்கு அந்த மாதம் பிறப்பதே லீவில்தான். 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த நவம்பர் 1 இங்கே விடுதலை நாள். உயிருள்ளவர்கள் இரண்டாம் தேதி வரை பொறுத்திருக்க வேண்டும்.

முன்பெல்லாம் விரல் ரேகை. ரிட்டயர்டு ஆனதும் தம்பியோடு கடலுக்குப் போய் வலை இழுத்தவர்களுக்கு விரலில் ரேகை ஏது? மெஷின் ஒவ்வொரு விரலாக மறுத்துக்கொண்டே வரும். பிறகு முகத்தைக் காட்டினால் போதும் என்று செல்போனில் வந்தது. அந்தப் பெண் போனை ஒரு முன்னாள் நாயக் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் நெஞ்சை நிமிர்த்தி, முகவாயை உயர்த்தி, சாவ்தானில் நின்றார்.

"கண்ணைச் சிமிட்டுங்க ஐயா."

அவர் சிமிட்டவில்லை.

"ஒரே ஒரு தடவை ஐயா. சிமிட்டினாத்தான் உயிரோட இருக்கீங்கன்னு எடுத்துக்கும்."

எதிரே ஜெனரல் வந்தாலும் இமை அசையக்கூடாது என்று சொல்லிக்கொடுத்து வளர்த்த உடம்பு. அவள் கெஞ்சினாள். பெஞ்சிலிருந்து மாமா எழுந்தார். "விஷ்ராம்!" என்று ஒரு குரல். நாயக்கின் உடம்பு தளர்ந்தது, கால் அகன்றது, கண் தானாகச் சிமிட்டியது. அன்றிலிருந்து அவளே "விஷ்ராம்" சொல்லக் கற்றுக்கொண்டாள். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இது இல்லை என்று அடித்துச் சொல்லுவேன்.

மாமாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு போட்டி உண்டு. சொல்தா வீட்டுத் தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பென்ஷன் யூரோவில் வருகிறது. 1962இல் கைமாற்றம் சட்டப்படி முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம். இருவரும் ஒரே டீக்கடையில் உட்காருவார்கள். யூரோ எத்தனை ரூபாய் என்று தாத்தா தினமும் சத்தமாகக் கேட்பார், பதில் தெரிந்துகொண்டே. மாமா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொள்வார். ஆனால் தாத்தாவும் வருஷா வருஷம் "செர்த்திஃபிகா த வீ" அனுப்பியாக வேண்டும் என்று தெரிந்த நாளில் மாமாவுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. "அவனும் உயிரோட இருக்கான்னு எழுதித்தான் கொடுக்கணும். யூரோவாம், யூரோ!" அந்தத் தாளைப் பூர்த்தி செய்து கொடுத்ததும் மாமாதான். பிரெஞ்சு தெரியாது. கட்டத்தின் நீளத்தைப் பார்த்தே இது பெயர், இது விலாசம் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெண்ணுக்குப் புதுச்சேரிக்கே டிரான்ஸ்பர் வந்தது. போகும்போது மாமாவிடம் சொல்லிக்கொண்டாள். ஒரே பதவியில் ஒரே கால அளவு வேலை பார்த்தவர்களுக்கு, எப்போது ரிட்டயர்டு ஆகியிருந்தாலும், ஒரே பென்ஷன் என்ற ஓ.ஆர்.ஓ.பி. கணக்கு 2014, 2019, 2024 என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுவதை இவளைப் போல் யாரும் எளிதாக விளக்கியதில்லை என்று மாமா பெருமைப்பட்டார். புதிதாக வந்த பையனிடமும் ஃபைல் இருந்தது, பேனா இருந்தது.

மாமா வீட்டில் மட்டும் ஒரு மனு பாக்கி. ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்க வேண்டும். அத்தை சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். "ஊர் காயிதமெல்லாம் தூக்கிக்கிட்டு அலையுறீங்களே, இத ஒரு நாள் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாதா?" என்று நான் இருக்கும்போதே கேட்டார்.

மாமா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அது சிவில் சப்ளை. நம்ம ஏரியா இல்ல."