தொலைந்தால்தான் பெயர்

மலேசியாவின் கேமரன் மலையில் பெயர் நிலைக்க வேண்டுமா? வழி ஒன்றுதான்: வாருங்கள், சுற்றுங்கள், போய்விடுங்கள். வில்லியம் கேமரன் 1885இல் நிலம் அளக்க வந்தார். மலைக்கே அவர் பெயர். அவருக்கு முன்பே காலங்காலமாக வாழ்ந்த செமாய் மக்களை யார் கேட்டார்கள்? பாங்காக் பட்டு வணிகர் ஜிம் தாம்ப்சன் 1967 ஈஸ்டர் ஞாயிறன்று இங்கே உலாவப் போனார், திரும்பவில்லை. இன்றும் அவர் கதை நல்ல வியாபாரம்.

1929இல் ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய 'போ' தேயிலைத் தோட்டத்தில் காடு வெட்டி, செடி நட்டு, பனியில் கொழுந்து கிள்ளிய தமிழர்கள் செய்த தப்பு ஒன்றே ஒன்று. தொலையாமல் இருந்துவிட்டார்கள்.

இடத்துக்கு அடையாளம் வேண்டும், வருகிறவர் மனம் அதில் ஒட்ட வேண்டும் என்பது நகரமைப்பு வேதம். ஒட்டவைத்தார்கள்! இந்தப் பகாங் மாநில மலையில் 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து பாணியில் வெள்ளைச் சுவரும் கறுப்புச் சட்டமுமாக ஹோட்டல்கள். தலையணையிலும் தொப்பியிலும் ஸ்ட்ராபெரி. சுங்கை பாலாசில் தேயிலைச் சரிவின் மேல் நீண்டு நிற்கும் பார்வை மாடம். ஒரு கோப்பைத் தேநீர், நாலு செல்ஃபி, அரை மணியில் பற்று தயார்.

ஆள் கணக்கெடுத்த பெரட்டுக்களம், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை, மாரியம்மன் கோயில், பந்தடித்த திடல்: தோட்டத்தில் இவற்றுக்கெல்லாம் எந்த நிபுணர் வரைபடம் போட்டார்? திருவிழாவுக்குப் பேரப்பிள்ளைகளோடு வந்து, பிறந்த லயத்து வீட்டைத் தேடி நிற்கும் கிழவரிடம் கேளுங்கள், மனம் ஒட்டுவது எப்படியென்று. ஆனால் அவரால் அங்கே தங்க முடியாது. தோட்டத்து வீடு வேலையோடு வரும், வேலையோடு போகும். தொழிலாளர் வீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த 1990ஆம் ஆண்டுச் சட்டம், சுவரையும் கூரையையும் பேசியது. வீடு யாருக்குச் சொந்தம் என்ற இடத்தில் வாயை மூடிக்கொண்டது.

இப்போது கொழுந்து வெட்டப் பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். ஒப்பந்தம் முடிந்தால் விமானம். பற்று முளைப்பதற்குள் ஆளையே மாற்றிவிடுவது எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு! ஒரு தலைமுறை வேர்விட்டதில் வந்த தொல்லையை முதலாளிகள் மறந்துவிடவில்லை.

திட்டம் போடும் ஐயாமார்களே, கூடை சுமக்கும் பெண்ணுக்குச் சிலை வைத்து, பக்கத்தில் படமெடுக்க இடம் ஒதுக்கும் யோசனை ஏதும் இருந்தால் கிழித்துப் போடுங்கள். உழைத்துத் தேய்ந்தவர் பெயரை முதலில் நிலப்பட்டாவில் எழுதுங்கள். பெயர்ப்பலகையை நாங்களே அடித்துக்கொள்கிறோம்.